ஊசிக் காதைவிடச் சின்னக் குழாயும் நான் கத்திச் சொன்ன யோசனையும்

என் மகளுக்கு,

உறையில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டிய கடிதத்தை நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் போடுகிறேனே என்று நீ பல்லைக் கடிப்பாய். கடித்துக்கொள். காரணம் இருக்கிறது. நமக்குள் நடந்த பேச்சில் என்னுடைய பாதி ஏற்கெனவே பசறை பஜார் முழுக்கத் தெரியும். நான் பேசியதை மட்டும் கேட்டவர்கள் நீ பேசியதைத் தாங்களாகவே இட்டுக்கட்டிக்கொண்டார்கள். அவர்கள் கணக்குப்படி நீ இப்போது வெளிநாட்டில் ஏதோ கள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒளிந்து திரிகிறாய். மரக்கறிக் கடைக்காரர் என்னைக் கண்டால் அரைக் கிலோ போஞ்சிக்கு மேல் ஒரு பிடி அள்ளிப் போடுகிறார், அவ்வளவு அனுதாபம். ஆகவே மீதிப் பாதியையும் நானே சொல்லிவிடுகிறேன். ஊரில் யார் வீட்டுக் கதையையும் விட்டுவைக்காதவன் நான். என் வீட்டுக் கதைக்கு மட்டும் கதவைச் சாத்தினால் நியாயமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலில் சொல்கிறேன். வழக்கம்போல நீ அங்கிருந்து பதினொரு மணிக்குப் போன் எடுப்பாய் என்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஊரே நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளியின் கொமினிகேஷன் கடையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் டெலிபோன் இல்லாத எங்களைப் போன்ற தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு வெளிநாட்டுப் பேச்சு வருவதும் போவதும் அங்கேதான். கண்ணாடிக் கூண்டு ஒன்று உண்டு. அதன் கதவு கழன்று வெகுநாளாகிவிட்டதால் கூண்டுக்குள் பேசுவதும் ஒன்றுதான், நடு ரோட்டில் பேசுவதும் ஒன்றுதான். போதாததற்கு, கடல் தாண்டிப் போக வேண்டிய குரல் என்று நான் தொண்டையைத் திறந்து பேசுகிறவன். நீ மெதுவாகத்தான் சொன்னாய். "அப்பா, மூணு வருசமா நான் போட்ட கணக்குல பிழை இருக்கு. கம்ப்யூட்டர்ல பெட்டியைச் சின்னதாக்கச் சின்னதாக்க விடை மாறிக்கிட்டே போவுது, எங்கேயும் நிக்க மாட்டேங்குது. பரிசோதனையோட அச்சா ஒத்துப்போவுதுன்னு புரொபசர் எல்லா இடத்துலயும் சொல்லிட்டாரு. இது நான் மட்டுந்தான் கண்டுபிடிச்சேன்." அதற்கு மேல் உன் மூச்சுதான் கேட்டது. நான் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "நீ மட்டுந்தானே கண்டுபிடிச்சே? பேசாம விட்டுரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்று கத்தினேன். அப்படிக் கத்தும்போது கடையில் ஏழு பேர் இருந்தார்கள். நீ போனை வைத்துவிட்டாய்.

நானா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். "என்ன டீமேக்கர், கட் ஆயிட்டா?"

"லைன் சரியில்ல நானா."

"லைன் நல்லாத்தான் இருந்திச்சு. நீங்க சொன்னதுதான் சரியில்ல."

நான் பஸ் பிடித்து வீடு வந்து சேருவதற்குள் செய்தி வேறு ஏதோ வேனில் ஏறி முந்திக்கொண்டு வந்துவிட்டது. உன் அம்மா வாசலிலேயே நின்றாள். "எம் புள்ளைக்கு என்ன புத்தி சொன்னீங்க?" என்றாள். நான் செருப்பைக் கழற்றுவதுபோல வெகுநேரம் குனிந்திருந்தேன். அடுத்த ஞாயிறு நீ எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நான் மட்டும் போய் உட்கார்ந்து, நானா கொடுக்கிற பிளேன்டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

உன் படிப்பு எனக்குப் புரியாது என்பது உனக்குத் தெரியும். எவ்வளவு புரியாது என்பது மட்டும் தெரியாது. நீ போன புதிதில் யார் கேட்டாலும் "மகள் நீராவி படிக்கிறா" என்பேன். பஸ் கண்டக்டர் ஒருவன் சிரித்துக்கொண்டே, "நீராவியில படிக்கிறதுக்கு என்னங்க இருக்கு, மூடியைத் திறந்தா வருது" என்றான். அதற்குப் பிறகு உன் கடிதங்களைப் பார்த்துப் பெரிதாகச் சொல்லப் பழகினேன். ஊசிக் காதைவிடச் சின்னக் குழாய். அதற்குள் ஆவி போகிறது. குழாயின் சுவர் குளிர்ந்திருப்பதால் ஆவி சுவரில் பட்டுத் தண்ணீராகிறது, தண்ணீராகும்போது தன்னிடமிருந்த சூட்டைச் சுவருக்குக் கொடுத்துவிடுகிறது. பெரிய குழாய் என்றால் அந்தத் தண்ணீர் கீழே வடியும். இவ்வளவு சின்னதில் தண்ணீருக்குக் கீழும் மேலும் மறந்துபோகிறது. நாலு மூலைகளிலும் போய் ஒதுங்கிக்கொள்கிறது. நடுச் சுவரில் கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய படலம்தான் மிச்சம், சூடு அதன் வழியாகத்தான் ஓடுகிறது. இதையெல்லாம் நீ குழாயை வைத்துப் பார்ப்பதில்லை, கம்ப்யூட்டருக்குள் குழாயைப் பல லட்சம் பெட்டிகளாக வெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கிறாய். எதற்கு இந்தக் குழாய் என்று உன் அம்மா கேட்டபோது, கம்ப்யூட்டர் போன்ற சாமான்கள் சூடாகாமல் வைத்திருப்பதற்கு என்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "அப்ப கம்ப்யூட்டர் சூடாகாம இருக்கிறதுக்கு, நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைச் சூடாக்குறாளாக்கும்" என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல நான் மூன்று வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

உண்மையில் நீ இந்தப் பக்கம் போவாய் என்று நான் முன்பே கண்டிருக்க வேண்டும். நாம் இருந்த பழைய குவார்ட்டர்ஸின் தகரக் கூரை நினைவிருக்கிறதா? தை மாதக் குளிரில் காலையில் அடுப்பு மூட்டியதும் தகரத்தின் உட்பக்கம் வியர்த்து உன் பள்ளிக்கூடக் கொப்பிகளின்மேல் சொட்டும். உனக்கு எட்டு வயதிருக்கும். சொட்டுகிற இடங்களில் எல்லாம் சோக்கட்டியால் தரையில் வட்டம் போட்டு, மரச்சட்டம் போகிற கோட்டில்தான் அதிகம் சொட்டுகிறது என்று வந்து சொன்னாய். நான் அந்த வட்டங்களை மிதித்துக்கொண்டு போய், உரச் சாக்கின் உள் பொலித்தீனைக் கூரைக்கு அடியில் விரித்துக் கட்டினேன். "அப்பா, தண்ணி அதுலயே சேருமே" என்றாய். "சேந்தா காயும், நீ படி" என்றேன். காயவில்லை. பத்தாம் நாள் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஐயா நம் வீட்டுக்கு முதல் தடவையாகத் தேத்தண்ணி குடிக்க வந்தார். வெள்ளை நேஷனல் சட்டை. அவரை நல்ல நாற்காலியில், வீட்டின் நடுவில், பொலித்தீனின் வயிறு சரியாக எங்கே தொங்கியதோ அங்கே உட்கார வைத்தேன். அவர் கப்பைக் கையில் எடுத்தபோது அது கிழிந்தது. பதவி உயர்வு பற்றிப் பேச வந்த மனுசர், வேறு எதுவும் பேசாமல் எழுந்து போனார். அன்று நீ சிரிக்கவில்லை. நான் கட்டினதை நினைத்து எனக்காக வெட்கப்பட்டாய். நீ சொன்னதை நான் காதில் வாங்காதது அந்த ஒரு தடவைதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இரண்டு ஞாயிறுகள் போன் வராமல் போனதும், உன் பிழை என்ன என்பதையாவது தெரிந்துகொள்வோம் என்று மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். உனக்கு ஏழாம் ஆண்டில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்த அதே யாழ்ப்பாணத்து மாஸ்டர்தான். ஓய்வு பெற்றும் ஊருக்குப் போகாமல் பதுளையிலேயே இருந்துவிட்டார். நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்துக் குறுக்கே ஒரு மெல்லிய கோடு கீறினார். "இஞ்ச பாரும். இந்தக் கோடுதான் சுவரில ஒட்டியிருக்கிற தண்ணி. உம்மட பிள்ளையின்ர பெட்டி இந்தக் கட்டத்தளவு. கோடு கட்டத்தை விட மெல்லிசு. அப்ப கம்ப்யூட்டர் என்ன செய்யும்? கட்டம் முழுக்கக் கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் ஆவி எண்டு பூசி மெழுகிப் போடும். விடை பிழை. ஆனா வேற எங்கேயோ இன்னொரு பிழையும் இருந்திருக்கு. ரெண்டு பிழையும் ஒண்டை ஒண்டு தின்று, விடை பரிசோதனையோட பொருந்திப் போச்சு. இப்ப பிள்ளை கட்டத்தைச் சின்னதாக்கினபடியா உண்மை வெளியில வருது."

"அப்ப எம் பொண்ணு களவு பண்ணலைங்களே, மாஸ்டர்?"

"இவ்வளவு நாளும் அது பிழை. தெரிஞ்ச பிறகு சொல்லாமல் விட்டால்தான் களவு. நீர் என்ன சொன்னனீர் பிள்ளைக்கு?"

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். மாஸ்டருக்கும் செய்தி எட்டியிருந்தது என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. "உமக்குப் பழக்கப்பட்ட வேலைதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே போய் எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

பழக்கப்பட்ட வேலை என்று அவர் சொன்னது எதை என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். நான் தேயிலை ஆலையில் டீமேக்கர். கொழுந்தை மேல்மாடியில் பரப்பி வாட்டும்போது, அங்கே தொங்குகிற இரண்டு வெப்பமானிகளை மணிக்கொரு தரம் பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். ஒன்று சும்மா தொங்கும். மற்றதன் குமிழில் ஈரத்திரி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும். அதை வைத்துச் சூட்டுக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். எங்கள் ஆலையில் அந்தத் திரி காய்ந்து, கறுத்து, எலி வால்போல ஆகிப் பல வருடம். நான் கொழுந்தைக் கையில் பிடித்து நசுக்கிப் பார்ப்பேன், வாட்டம் போதுமா என்று விரல் சொல்லும், வேலையை முடிப்பேன். அதற்குப் பிறகு, அந்த வாட்டத்துக்கு என்ன அளவு இருந்தால் பொருந்துமோ அந்த அளவை ரெஜிஸ்டரில் எழுதுவேன். அழகாக, ஏறி இறங்கி, நம்பும்படி எழுதுவேன். வித்தியாசம் மழை நாளில் ஒன்றரை டிகிரி, வெயில் நாளில் ஆறு. கையெழுத்தும் எனக்கு நன்றாக வரும்.

உனக்குப் பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடம் விட்டு ஆலைக்கு வந்து, என் மேசையில் அந்த ரெஜிஸ்டரைத் திறந்து பார்த்துவிட்டாய். நாளையப் பக்கமும் நிரம்பியிருந்தது. மறுநாள் பதுளைக்குக் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். "அப்பா, நாளைக்கு மத்தியானம் வெயில் அடிக்கும்னு எப்படித் தெரியும்?" என்றாய். "பழக்கம்மா" என்றேன். நீ நம்பிவிட்டாய். வானிலை பற்றி மாஸ்டர் எழுதச் சொன்ன கட்டுரையில், என் அப்பா நாளைய காற்றை இன்றைக்கே அளந்துவிடுவார் என்று எழுதினாய். மாஸ்டர் அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "இந்த வித்தையை எனக்கும் ஒருக்காச் சொல்லித் தாரும்" என்று அவர் கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அவரும் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அவர் போன பிறகு, "அது பொய்யாப்பா?" என்றாய். நான் சொன்ன பதில் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அது ஞாபகம் வந்தது நீ போனை வைத்த பிறகுதான். யாருக்குத் தெரியப் போவுது என்று நானாவின் கடையிலிருந்து நான் கத்தியதை, நீ என் வாயிலிருந்து கேட்டது இரண்டாம் தடவை. அதற்குப் பிறகு நீ ஆலைக்கு வரவேயில்லை. படிப்பு கூடிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் வீட்டிலிருந்து வந்ததும் எனக்கு ரோஷம் வந்தது. இந்த வயதில் வருகிற ரோஷம் அதிகநாள் தாங்காது என்பதால் அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். உன் அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் ஒரு கீற்றுக் கிழித்து, நனைத்து, குமிழில் சுற்றினேன். மணிக்கொரு தரம் மாடிப் படி ஏறினேன், முழங்கால் இரண்டும் என்னைத் திட்டின. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, பார்த்ததை எழுதினேன். மாடிக்குள் மூடுபனி புகுந்த நாட்களில் இரண்டு வெப்பமானியும் ஒரே அளவைக் காட்டின. வித்தியாசம் இல்லை, இல்லை, இல்லை என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஆனால் எழுதும்போது, நீ பக்கத்தில் நிற்பதுபோல ஒரு நினைப்பு. உனக்குச் சொல்ல எனக்கும் ஒரு கதை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு வாரம் கழித்து, தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். சின்ன வயதுக்காரர், நல்ல தமிழ் பேசுவார். ரெஜிஸ்டர் அவர் மேசைமேல் இருந்தது.

"டீமேக்கர், என்ன இது? ஆலை தண்ணிக்குள்ள முங்கிட்ட மாதிரி இருக்கு."

"அது உண்மை அளவுங்க."

"அப்ப முந்தி இருந்தது?"

"முந்தி இருந்தது நான் சும்மா எழுதுனதுங்க, தொரை. எத்தனையோ வருசமா."

கடிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "அது எனக்குத் தெரியும். எனக்கு முந்தி இருந்த தொரைக்கும் தெரியும். வேலையை ஒப்படைக்கும்போதே சொல்லிட்டுத்தான் போனார். உங்க தேயிலை நல்லா வருது, அது போதும். அடுத்த மாசம் சர்டிபிகேட் குடுக்கிறவங்க வாறாங்க. பழைய மாதிரியே எழுதுங்க. அது பார்க்க லட்சணமா இருந்திச்சு."

மகளே, நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். நெஞ்சை நிமிர்த்தி ஏதோ சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை, கையும் அந்தப் பக்கம்தான் போகிறது. "சரிங்க" என்றேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, வீடு தோட்டத்து வீடு. வெளியே வந்து படியில் நின்று இன்னொரு தடவையும் "சரிங்க" என்றேன், யாருமே இல்லாதபோது. இப்போது என்னிடம் இரண்டு புத்தகம். தோட்டத்து ரெஜிஸ்டரில் லட்சணமான அளவு. எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் மெய்யான அளவு, அதை மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கிறேன். களவைப் பகிரங்கமாகவும் உண்மையைத் திருட்டுத்தனமாகவும் எழுதுகிற ஒரே டீமேக்கர் ஊவா மாகாணத்தில் நானாகத்தான் இருப்பேன். இதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று எனக்கே தெரியவில்லை. நிறுத்தவும் முடியவில்லை.

நாலாவது ஞாயிறு உன் அம்மா தானே வருவதாகச் சொன்னாள். நீ எடுத்தால் தான்தான் பேசுவேன் என்றும் சொன்னாள். அவளுக்குப் போனைப் பிடித்துப் பேசத் தெரியாது, வாய்ப்பக்கம் காதிலும் காதுப்பக்கம் வாயிலும் வைப்பவள். அன்றைக்குப் பார்த்து நீ எடுத்தாய். அவள் சரியாகப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து நிமிடம் "ம்" என்றாள். நடுவில் ஒரு தடவை "சாப்பிடுறியா" என்றாள். நான் கூண்டுக்கு வெளியே நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நாலு வளைவு தாண்டும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"என்ன சொன்னா?"

"அவ புரொபசர்கிட்ட சொல்லிட்டாளாம்."

"எப்ப?"

"உங்களுக்குப் போன் எடுத்தாளே, அதுக்கு முதல் நாளே. சொல்லிட்டுத்தான் உங்களுக்கு எடுத்திருக்கா."

பஸ் அடுத்த வளைவில் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். "அப்ப எதுக்கு என்கிட்ட யோசனை கேட்டா?"

"அவ எங்க கேட்டா? நீங்கதானே சொன்னீங்க."

மீதியையும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். புரொபசர் கோபப்படவில்லையாம். மூன்று நாள் உன் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து செய் என்றாராம். புலமைப்பரிசில் இந்த வருடத்தோடு நின்றுவிடுமாம், நீ நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலைக்குப் போகிறாயாம். பெட்டிகளை இன்னும் சின்னதாக வெட்டி மறுபடி ஓட விட்டிருக்கிறாயாம். ஒரு தடவை ஓடி முடியவே வாரக் கணக்கில் ஆகுமாம். முடிந்தாலும் விடை ஓரிடத்தில் வந்து நிற்குமா என்று உனக்கே நிச்சயமில்லையாம். இதில் எதற்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பெட்டியைச் சின்னதாக்க முடியாது, கம்ப்யூட்டரை வேகமாக ஓட வைக்க முடியாது, புரொபசரிடம் வந்து பேச முடியாது. வந்தால் அவரிடமும் கத்துவேன்.

இத்தனை வருடத்தில் பசறையில் நான் கதை பிடுங்காத ஆள் இல்லை. யாராவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தை வாங்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எல்லாம் தானாக வந்துவிடும். கண்டக்டர், கிளாக்கர், கல்யாணத் தரகர் என்று எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அதை உன்னிடம் கேட்டிருந்தால், சொல்லிவிட்டேன் அப்பா என்று நீ சொல்லியிருப்பாய். அடுத்து அழுதிருப்பாய். நானும் இந்த முனையில் எதையாவது துடைத்துக்கொண்டு நின்றிருப்பேன். கேட்கத் தோன்றவில்லை. இப்போது, எல்லாரும் பார்த்திருக்க, கேட்கிறேன்.

அப்புறம் என்னம்மா ஆச்சு?

அப்பா